கதவுல தொங்குற யூரியா மூட்டை

பட்டணத்து நண்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது. இந்தத் தடவை மஞ்சள், நெல்லு எதையும் எழுதலை. உங்க வண்டியைப் பத்தித்தான் எழுதப் போறேன். சனி ஞாயிறு ஆனா அந்தியூர்ல இருந்து பர்கூர் மலை ஏறுற ரோட்டுல தார், கூர்க்கா, ஜிம்னின்னு வரிசையா போகுது. போகட்டும், நாலு பேர் வந்தாத்தான் மலைக்காரங்க கடையில வியாபாரம் நடக்கும். ஆனா அதுல சில வண்டிகளோட பின் கதவுல தொங்குற ஸ்டெப்னியைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது.

என்ன பண்றாங்கன்னா, கம்பெனி டயரைக் கழட்டிட்டு பெருசா போடறாங்க. 245/75 ஆர்16 இருந்த இடத்துல 285/75 ஆர்16. எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடக் கணக்குல போட்டுப் பாத்தேன். முதல் டயரோட உயரம் சுமார் 774 மில்லி, ரெண்டாவது 834. ஆறு சென்டிமீட்டர் கூட. அகலத்துல நாலு சென்டிமீட்டர் கூட. நாலு சக்கரமும் பெருசாச்சுன்னா அஞ்சாவதும் பெருசா இருந்தே ஆகணும், அது நியாயம்தான். ஒரு சக்கரம் மட்டும் சின்னதா மாட்டி நாலு சக்கர இழுவையைப் போட்டா முன்னுக்கும் பின்னுக்கும் சுத்து சரிவராம கியர் பெட்டியே முறுக்கிக்கும். அதனால அந்த அஞ்சாவது ராட்சசனையும் கொண்டுபோய் கதவுலயே மாட்டிடறாங்க.

கம்பெனி சக்கரம் ரிம்மோட முப்பது கிலோ வரும்னு வச்சுக்குங்க. பெரிய மட் டயர், இரும்பு ரிம்மு சேர்ந்தா நாப்பதைத் தொட்டுடும். இப்ப யூரியா மூட்டை 45 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டையைக் கதவுல கட்டிட்டு நீங்க மலை ஏறுறீங்க. நின்ன இடத்துல இருக்கிற எடை இது. குழியில விழுந்து எந்திரிக்கிறப்ப அதே சக்கரம் பல மடங்கு எடை மாதிரி கீல்ல இடிக்கும். மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ் கீலை உள்ளே அமுக்கும். தோட்டத்துக்கு இரும்பு கேட் போட்டவங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்டோட வெளி நுனியில ஒரு பொடியன் ஏறி ஊஞ்சலாடினா ஒரே வருஷத்துல கேட் தொங்கி தரையை உரசும். அதுக்குத்தான் அகலமான கேட்டுக்கு அடியில சின்னச் சக்கரம் வைக்கிறோம். உங்க வண்டிக் கதவுக்கு அடியில சக்கரம் இல்லைங்க, வெறும் காத்துதான் இருக்கு.

அகலமான டயர் கதவுல இடிக்குதுன்னு கடைக்காரர் நடுவுல ஒரு கட்டையைக் கொடுத்து வெளியே தள்ளி மாட்டுவார். தள்ளத் தள்ள கீலுக்குப் பாரம் ஏறும். கீழே பம்பர் தட்டுதுன்னா மேலே தூக்கி புதுசா ஓட்டை போடுவார். அப்ப கண்ணாடி மறையும், சில வண்டியில நடு பிரேக் லைட்டு மறையும். பின்னாடி டிவிஎஸ் ஃபிப்டியில வர்றவன் நீங்க பிரேக் புடிச்சதை எதை வச்சுத் தெரிஞ்சுக்குவான்?

போன ஆடியில, குருநாதசாமி கோயில் பண்டிகைச் சமயம், குதிரைச் சந்தை பாக்க வந்த ஒரு வண்டி எங்க வாய்க்கா மேட்டு வழியா வந்துச்சு. மதகுப் பள்ளத்துல இறங்கி ஏறுறப்ப பின் கதவு பூட்டு விட்டு, கதவு டயரோட சேர்ந்து வீசித் தொறந்துச்சு. வழி விட்டு ஓரமா நின்ன பால்காரப் பையன் மேல அடிச்சு, மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. ஒன்றரை மாசம் அவங்க அம்மாதான் அஞ்சு மாட்டையும் கறந்தாங்க. வண்டிக்காரத் தம்பி நல்ல பையன்தான், ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிட்டுப் போனார், காசும் கொடுத்தார். ஆனா திரும்பத் திரும்ப ஒண்ணே சொன்னார்: "அண்ணா, கம்பெனி லாக்கு வீக்குங்க." நான் குனிஞ்சு பாத்தேன். ஸ்டெப்னி போல்ட்டைச் சுத்தித் தகடு நாலு இடத்துல கீறியிருக்கு, கீறல்ல துரு ஏறியிருக்கு. கதவு தொங்கிப் போய் பூட்டு நுனியில மட்டும் பிடிச்சிருந்திருக்கு. தகட்டுக் கதவு மேல மூட்டையை ஏத்திட்டுப் பூட்டைக் குத்தம் சொன்னா எப்படிங்க?

பழைய ஜீப்பை நான் பதினோரு வருஷம் ஓட்டினவன். உலகப் போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்புக்குப் பின்னாடி ஸ்டெப்னி இருந்துச்சு, ஆனா அங்கே கதவே கிடையாது, அசையாத தகடு. 1945ல பொதுஜனத்துக்குன்னு சிஜே-2ஏ விட்டப்ப பின்னாடி திறக்கிற கதவு வச்சாங்க. வச்ச கையோட ஸ்டெப்னியைப் பக்கவாட்டுக்கு மாத்திட்டாங்க. எண்பது வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்குப் புரிஞ்சது இன்னைக்கு ஆக்சஸரி கடைக்காரருக்குப் புரியலை. இல்லை, புரிஞ்சும் விக்கிறார்.

"சேத்துல போகப் பெரிய டயர் வேணும்ல" அப்படின்னு கேப்பீங்க. எந்தச் சேத்துல? நாத்து நட உழவு ஓட்டுறப்ப நாங்க டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டறோம், அதான் சேறு. நீங்க வர்றது தார் ரோடும், மிஞ்சிப் போனா சரளை மண்ணும். மலையில ஆளும் மூட்டையும் ஏத்திட்டு ஓடுற பழைய ஜீப்புகளோட டயரைப் பாருங்க, ஒல்லியாத்தான் இருக்கும். சட்டமும் உங்க பக்கம் இல்லை. கம்பெனி குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. போதாக்குறைக்கு, 774க்கு அளந்து வச்ச முள்ளு 60 காட்டுறப்ப உங்க வண்டி 64, 65ல போயிட்டு இருக்கும்.

மாட்டு வண்டியில பாரம் ஏத்துறப்ப முன்பாரம் பின்பாரம் பாப்போம். பின்பாரம் ஏறினா நுகத்தடி தூக்கி மாட்டோட தொண்டையில கயிறு இறுக்கும். மாடு நின்னுடும், அதுக்கு வாய் இல்லைன்னாலும் நமக்குத் தெரிஞ்சுடும். உங்க வண்டி நிக்காது. அதுதான் கஷ்டம்.

பெருசுதான் வேணும்னு அடம் புடிச்சா, கதவை விட்டுட்டு சேஸ்ல நேரா பிடிச்சுத் தனியாத் திரும்புற இரும்புச் சட்டம் போடுங்க. காசு ஆகும். டயருக்கே அவ்வளவு கொடுத்தவங்களுக்கு இது பெரிசில்லை. அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டுப் போடுங்க. என்னைக் கேட்டா, அஞ்சு சக்கரமும் கம்பெனி அளவுக்கே திரும்பி வாங்கன்னுதான் சொல்லுவேன்.

வர்ற ஆடிக்கு வர்றவங்க கிளம்புறதுக்கு முந்தின நாள் பின் கதவைத் தொறந்து, ஸ்டெப்னியை ரெண்டு கையால பிடிச்சு மேலே தூக்கிப் பாருங்க. கதவு மேலும் கீழும் ஆடுச்சுன்னா கீல் போச்சு. போல்ட்டைச் சுத்தி பெயின்ட் வெடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் டயரைக் கழட்டி உள்ளே படுக்க வச்சு, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிட்டு வாங்க. சும்மா போட்டுட்டு வந்துடாதீங்க, பின் சீட்டுல குழந்தைங்க உக்காந்திருக்கும்.