வக்கீலும் தொழிலாளியும்

கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஓசூர்த் தொழிலாளர் பலர் எல்லை தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் போய்வருகின்றனர். அங்கே வண்டி மோதிக் காயமுற்றவன் நஷ்டஈடு கோரி வழக்காட யாரை அமர்த்துவது?

கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு எனக்கு என்று பேசுகிற வக்கீலை முதலில் விலக்குக. அவ்வாறு பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம். விபத்து கர்நாடக எல்லைக்குள் நேர்ந்ததால் பெங்களூர் வக்கீலே வேண்டும் என்பதும் சரியன்று. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவின்படி, மனுதாரர் தாம் வசிக்கும் இடத்து டிரிப்யூனலிலேயே மனுச் செய்யலாம். வாய்தாதோறும் ஒருநாட் கூலியை இழப்பவனுக்கு இஃது அற்ப விஷயமன்று. தன் பாஷையில் தன் வக்கீலிடம் பேசவும் இயலும்.

பணமில்லையே என்பார்க்கு ஒன்று கூறுவோம். 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, ஸ்திரீகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருடன் ஆலைத் தொழிலாளியையும் சேர்த்து, வருமானம் பாராமல் இலவச வக்கீலைப் பெறும் உரிமை அளிக்கிறது. இது பிச்சையன்று. தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். தொழிற்சங்கத்தார் இதை ஆலை வாசல்தோறும் எழுதி ஒட்டுவார்களாக!

அமர்த்திய வக்கீல் அசிரத்தையாயிருப்பின் அவரை மாற்றவும் தயங்க வேண்டாம். பீஸ் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டுகளைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லையென்று, மத்தியப் பிரதேசக் கூட்டுறவு பாங்கி ஒன்றின் கட்டுகள் பற்றிய விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு 2000-ம் வருஷத்தில் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கிக்கு அவர் தனியே வழக்காடிக் கொள்ளட்டும்.