ஆய்வுக்கு இசைந்தவர்கள்

இலண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு ஒரு சிறுநூலை வெளியிட்டார். கை நடுங்க, உடல் முன்குனிய, நடை தடுமாற வாழ்ந்த ஆறு பேரைப் பற்றிய குறிப்புகளே அந்நூலின் அடிப்படை. அவர்களுள் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. பின்னாளில் பார்க்கின்சன் நோய் என்று உலகம் அழைக்கவிருந்த ஒன்றுக்குத் தாம் சான்றாகிவிட்டதை அந்த வழிப்போக்கர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இன்று நிலைமை வேறு. நோயாளி தாமே முன்வந்து, கையொப்பமிட்டு ஆய்வுக்குள் நுழைகிறார். அந்தக் கையொப்பத்தின் பொருள் என்ன?

மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் சிறிது சிறிதாக அழிவதால் இந்நோய் உண்டாகிறது. 1960களில் பயன்பாட்டுக்கு வந்த லெவோடோபா என்னும் மருந்து நோயின் அறிகுறிகளைத் தணிக்கிறது. (நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் இப்பொருள் உண்டு.) ஆனால், செல்களின் அழிவைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அதைக் கண்டறிய ஆய்வகத்து விலங்குகள் மட்டும் போதா. நோயுற்ற மனிதரே முன்வர வேண்டும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த ஓர் ஆய்வைக் காண்போம். நலிந்த நரம்புச் செல்களை மீட்கக்கூடும் என்று கருதப்பட்ட ஜி.டி.என்.எஃப். என்னும் புரதத்தை மாத்திரையாகத் தந்தால் அது மூளையைச் சென்றடையாது. ஆகவே, 41 நோயாளிகள் மண்டையோட்டைத் துளையிடும் அறுவை மருத்துவத்துக்கு உடன்பட்டனர். ஒவ்வொருவர் மூளைக்குள்ளும் நான்கு மெல்லிய குழாய்கள் செலுத்தப்பட்டன. காதுக்குப் பின்னே எலும்பில் பொருத்திய சிறு வாயில் வழியே, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றப்பட்டது. முதலில் அறுவர், அடுத்து 35 பேர். அந்த 35 பேருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒன்பது மாதங்கள் ஏறியது மருந்தில்லாத வெற்றுக் கரைசல். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. மதிப்பிட்ட மருத்துவருக்கும் தெரியாது.

இதை வகுப்பில் கூறியபோது ஒரு மாணவி கேட்டாள்: “தலையைத் துளைத்துவிட்டு வெறும் கரைசலை ஏற்றுவது ஏமாற்று இல்லையா ஐயா?” நல்ல கேள்வி. ஏமாற்றில் ஒருவர் அறிந்திருப்பார், மற்றவர் அறியார். இங்கோ, பாதிப்பேருக்கு மருந்துப்போலிதான் கிடைக்கும் என்பதை அனைவரும் முன்னரே அறிந்திருந்தனர்; தாம் எந்தப் பாதி என்பதை மட்டுமே அறிந்திலர். மேலும், நலம் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்பே பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் டோபமைனைச் சுரக்கச் செய்யும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒப்பிட மருந்துப்போலி இன்றேல், நலம் தந்தது மருந்தா நம்பிக்கையா என்று எவராலும் கூற இயலாது.

2019ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. இரு பிரிவினரும் ஓரளவு முன்னேறியிருந்தனர். அவர்களிடையே கண்ட வேறுபாடு மருந்தின் பயனை மெய்ப்பிக்கப் போதவில்லை. மருந்து பெற்றோரின் மூளைப் படங்களில் மட்டும் நம்பிக்கையூட்டும் மாற்றம் தெரிந்தது. ஆய்வு முடிந்ததும் மருந்து நின்றது. நலம் கண்டதாகக் கூறியவர்களுக்கும் நின்றது.

அவர்கள் பட்ட துன்பம் வீண் என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மருந்தை மூளைக்குள் நேரடியாகத் திரும்பத் திரும்பச் செலுத்த இயலும் என்பது அவர்களால்தான் தெளிவாயிற்று. எனினும், அவர்களைத் ‘தியாகிகள்’ என்று புகழ்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தியாகி என்று மாலையிட்டவரிடமிருந்து கேள்வி கேட்கும் உரிமையை நாம் மெல்லப் பறித்துவிடுகிறோம். என்ன தீங்கு நேரலாம், நேர்ந்தால் யார் பொறுப்பு, ஆய்வுக்குப் பின் மருந்து தொடருமா என்றெல்லாம் கேட்கும் பங்காளர் அவர்.

‘எங்களைச் சோதனை எலிகள் ஆக்குகிறார்கள்’ என்னும் அச்சம் நம் நாட்டில் உண்டு. அது காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். படிக்க இயலாதவரிடம் விளக்காமல் வாங்கும் கைநாட்டு ஒருபோதும் இசைவு ஆகாது. இந்தியாவில் 2019இல் வந்த மருந்தாய்வு விதிகள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டையும் கட்டாயமாக்கியுள்ளன. மருந்தால் பயன் கண்டவருக்கு வேறு சிகிச்சை இல்லையெனில், குழுவின் ஒப்புதலின் பேரில் ஆய்வுக்குப் பின்னும் அதனை விலையின்றி வழங்க அவை வழிசெய்கின்றன. ஏட்டில் உள்ள இவ்விதியை நோயாளிக்கு அவர் மொழியில் எடுத்துரைப்பவர் யார் என்பதே என் கவலை.

பார்க்கின்சன் நோய் முற்ற முற்றக் கையெழுத்தும் சிறுத்துப்போகும். அந்தச் சிறுத்த கையொப்பத்தை மருத்துவமனை மேசையிலேயே அவசரமாகப் பெறுதல் கூடாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மனைவி மக்களோடு படித்து, ஐயங்களைக் கேட்டறிந்து முடிவெடுக்க அவருக்குக் காலம் தர வேண்டும். ‘எனக்கு விருப்பமில்லை’ என்று அவர் படிவத்தைத் திருப்பித் தந்தாலும், அதே மருத்துவர் அதே முகமலர்ச்சியோடு அவருடைய வழக்கமான மாத்திரையை எழுதித் தர வேண்டும்.