மஞ்சளாய்ப் பூத்தவையெல்லாம் கரிசலாங்கண்ணி அல்ல

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் நம் ஆய்வுக்கூடங்களில் அரைபடும் செடி உண்மையில் எது? இக்கேள்வியை எழுப்பினால், அது வகைப்பாட்டியலாரின் பெயர்ச் சண்டை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெயர்ச் சண்டை அன்று. தரவின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வி.

மரபு மருத்துவம் சுட்டும் செடி ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. பழைய நூல்களில் வெடிலியா. அதன் நெருங்கிய உறவான ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. கல்லூரி வளாகங்களிலும் சாலையோரங்களிலும் பாயாய்ப் படர்ந்திருப்பது பெரும்பாலும் இதுவே. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. நாட்டுச் செடியைத் தேடிப் போகிறவர் கையில் எளிதில் அகப்படுவதும் இந்த வந்தேறியே.

இரண்டும் பல்லாண்டுச் செடிகள். இரண்டும் கணுதோறும் வேர்விடுபவை. இரண்டிலும் நாம் ஒரு பூ என்று எண்ணுவது பல சிறு பூக்கள் திரண்ட மஞ்சரித்தலை. ஆகவே பூவை மட்டும் படமெடுத்துக் கைப்பேசிச் செயலியிடம் பெயர் கேட்பது அடையாளம் காண்பதாகாது. இலையைப் பார்க்க வேண்டும். நாட்டுச் செடியின் இலை நீண்டு குறுகியது, மடல் பிரியாதது, விளிம்பில் பற்கள் இல்லாதது அல்லது சிலவே உடையது. அயல் செடியின் இலை பொதுவாக மும்மடல் கொண்டது, பற்கள் தெளிவானவை. மடல்கள் மங்கிய இலைகளும் உண்டு; ஆதலால் ஓர் இலை போதாது, முழுக்கொடியும் வேண்டும்.

ஒரே பேரினம்தானே, வேதிப்பொருள்களும் ஒத்திருக்குமே என்பார் உளர். ஒத்திருக்கலாம். ஆனால் அது நிறுவப்பட வேண்டிய முடிவேயன்றித் தொடங்கும் முற்கோள் அன்று. அதை நிறுவவும் இரு செடிகளையும் முதலில் பிரித்தறிந்தாக வேண்டும். 1956இல் கோவிந்தாச்சாரியும் உடன் ஆய்வாளர்களும் அமைப்பை விளக்கிய வெடலோலாக்டோனின் பெயரே இச்செடியின் பெயரிலிருந்து பிறந்தது. செடியின் அடையாளம் தவறினால் சேர்மத்தின் கதையும் தவறும்.

துறைத்தலைவரின் ஒருவரிச் சான்றிதழ் உலர்தாவரத் தாளுக்கு ஈடாகாது. சேகரித்த இடம், நாள், உலர்தாவரகச் சேர்க்கை எண் ஆகிய மூன்றும் இல்லாத ஆய்வேட்டை நெறியாளர்கள் ஏற்கக் கூடாது. இதழ்கள் மதிப்பீட்டுக்கு அனுப்பவும் கூடாது. எலிகளைப் பலியிட்டு, பொதுப்பணத்தைச் செலவிட்டு, எந்தச் செடி என்றே தெரியாத ஒன்றின் மருத்துவ குணத்தை நிறுவுவது அறிவியல் ஆகாது.