பாய்லருக்குச் சான்றிதழ் கட்டாயம்... வென்டிலேட்டருக்கு?

சொந்தங்களே, ஒரு கேள்வி.

தொழிற்சாலையில பாய்லரை இயக்கணும்னா, அதுக்குன்னு தனித் தேர்வு எழுதி தகுதிச் சான்றிதழ் வாங்கினவர்தான் பக்கத்துல நிக்கணும். சட்டம் அப்படி. இன்ஜினியரிங் படிச்ச எங்களுக்கெல்லாம் இது தெரியும். ஆனா ஐ.சி.யு.வுல நம்ம அப்பாவோட மூச்சை ஓட்டுற வென்டிலேட்டரைப் பார்த்துக்கிற நர்ஸுக்கு அப்படி ஒரு தனித் தகுதி கட்டாயமா? இல்லை!

குறை நர்ஸ் மேல இல்லை. மூணு வருஷ டிப்ளமோவோ நாலு வருஷ பி.எஸ்சி.யோ முடிச்சுப் பதிவு செய்து வந்தவங்க. ஆனா அது எல்லா வார்டுக்கும் பொதுவான படிப்பு. தீவிர சிகிச்சைக்குன்னே இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு வருஷ டிப்ளமோ வச்சிருக்கு. இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பும் இருக்கு. அதை முடிச்சவங்க ஐ.சி.யு.வில் இருந்தே ஆகணும் என்ற விதிதான் இல்லை. பிரிட்டனில் ஐ.சி.யு. நர்ஸ்களில் குறைந்தது பாதிப் பேர் இந்தத் தகுதி பெற்றிருக்கணும்னு தர வரையறையே இருக்கு.

என்ன பெரிய வித்தியாசம்? ராத்திரி 2 மணி. டாக்டர் வேற நோயாளிகிட்ட இருக்கார். அலாரம் அடிக்குது. குழாயில சளி அடைச்சிருக்கா, குழாய் நகர்ந்துடுச்சா, நுரையீரல் சுருங்கிடுச்சா? சில நிமிஷத்துல கண்டுபிடிக்கணும். பழகின கண்ணுக்குத்தான் அது தெரியும்.

தருமபுரிக்கு இதன் வலி தெரியும். 2014 நவம்பரில் நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளை இழந்தோம். எடை குறைவாகப் பிறந்ததுதான் முக்கியக் காரணம் என்றார்கள். எடை குறைஞ்ச குழந்தையைக் காப்பாத்தத்தானே அந்தப் பிரிவே இருக்கு? பச்சிளம் குழந்தைப் பிரிவு நர்ஸ்களுக்கு மத்திய அரசு வழிகாட்டுதலில் 4 நாள் வகுப்பு, 14 நாள் நேரடிப் பயிற்சி என்று தெளிவா இருக்கு. தொப்பூர் கணவாயில் அடிபட்டு வர்றவருக்கும், சித்தேரி மலையில் பாம்பு கடிச்சு வர்றவருக்கும் அதே அக்கறை வேண்டாமா?

ஆட்சிகள் என்ன செய்தன? 2015-ல் எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவங்க சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸ்களை 2022 டிசம்பர் 31-ஓடு நிறுத்தினாங்க. மாற்று வேலை தர்றோம்னு பிறகு சொன்னாங்க. ஆனா ஆக்சிஜன், வென்டிலேட்டர்னு ராத்திரி பகலாக் கத்துக்கிட்ட கைகளை ஐ.சி.யு.வில் தக்க வைக்கலையே! வென்டிலேட்டரை ஒரே நாள்ல வாங்கிடலாம். அந்த அனுபவத்தை வாங்க முடியுமா?

நாம கேட்பது நாலே விஷயம்:

🔹 தனிப் பயிற்சி முடிச்ச பிறகே ஐ.சி.யு. பணி.
🔹 முழுச் சம்பளத்தோட ஒரு வருஷம் படிக்க அனுப்பணும். செலவு அரசுடையது.
🔹 பயிற்சி பெற்றவங்களை வேற வார்டுக்குத் தூக்கி அடிக்கக் கூடாது.
🔹 வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், எல்லா ஷிப்டிலும்.

"ஆளே இல்ல, இதுல பயிற்சிக்கு எங்க அனுப்புறது"ன்னு கேட்பாங்க. காலிப் பணியிடத்தை நிரப்புங்க, அனுப்பலாம். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியே இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவீங்க?

அடுத்த முறை ஐ.சி.யு. வாசல்ல நிக்கும்போது சிஸ்டர்கிட்ட கத்தாதீங்க. அந்தக் கோபத்தை மனுவா எழுதி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்க. இந்தப் பதிவைப் பகிருங்க.

#தருமபுரி #பயிற்சிபெற்றசெவிலியர்_நம்உரிமை