'ஃபிகர் அவுட்'... அட, அந்த ஃபிகர் இல்ல பாஸ்!

காவேரிப்பட்டினத்துல இருந்து கிளம்பி, ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போறீங்கனு வெச்சுக்குவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் புழங்குற ஊர். எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் இங்கிலீஷ்ல கேட்கிறார்: 'ஓடிட்டிருக்கற மெஷின் திடீர்னு நின்னா என்ன பண்ணுவீங்க?' நீங்க பார்த்தே இராத மெஷின். 'ஐ டோன்ட் நோ சார்'னு சொன்னா, அத்தோட கதை முடிஞ்சுது. 'ஐ வில் ஃபிகர் இட் அவுட், சார். முதல்ல பவர் வருதான்னு பார்ப்பேன்...'னு ஆரம்பிச்சா? அவர் நிமிர்ந்து உட்காருவார்!

கேம்பஸ்ல நாம சொல்ற 'ஃபிகர்' வேற. இங்கே ஃபிகர்னா எண். கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்கிறதுதான் 'ஃபிகர் அவுட்'. அதுவே இப்போ, யோசிச்சு யோசிச்சு ஒரு விஷயத்தைப் பிடிக்கிறதுக்கும் ஆகிவந்திடுச்சு.

நாம சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. 'ஃபைண்ட் அவுட்', 'ஃபிகர் அவுட்' ரெண்டுக்குமே தமிழ்ல 'கண்டுபிடி'னு சொல்லிடுவோம். ஆனா, ரெண்டும் வேற வேற. ஓசூர் பஸ் எத்தனை மணிக்குனு கடைக்காரரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா, அது ஃபைண்ட் அவுட். அந்த பஸ்ஸை விட்டுட்டு, 'கிருஷ்ணகிரி போய் மாறினா எட்டு மணி ஷிஃப்ட்டைப் பிடிக்க முடியுமா?'னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு ஒரு வழி கண்டா, அது ஃபிகர் அவுட். முன்னதுக்கு விசாரிச்சா போதும். பின்னதுக்கு மூளையைக் கசக்கணும்.

சின்ன இலக்கணம்: 'ஃபிகர் அவுட் தி ப்ராப்ளம்', 'ஃபிகர் தி ப்ராப்ளம் அவுட்' ரெண்டும் ஓ.கே. ஆனா 'இட்' வந்தா அது நடுவுலதான் உட்காரும். 'ஃபிகர் இட் அவுட்' சரி. 'ஃபிகர் அவுட் இட்' தப்பு. இது பேச்சு வழக்கு. புராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதும்போது 'டிடர்மின்'னு போட்டா கௌரவமா இருக்கும்.

இந்த மாதிரி வினைகளை மொத்தமா 'ஃப்ரேஸல் வெர்ப்'னு சொல்றாங்க. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல எழுதின 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' புத்தகம் மூலமாத்தான் அந்தப் பெயர் பரவுச்சு. மிரளாதீங்க. 'கைவிடு'னா கையைக் கீழே விடுறதா என்ன? தனித்தனியா பிரிச்சா அர்த்தம் ஓடிப்போற வார்த்தைகள் நம்மகிட்டயும் இருக்கே!

தெரியலைனு ஒத்துக்கிறது தப்பில்ல. அதோட நிறுத்திக்காம, 'பட் ஐ வில் ஃபிகர் இட் அவுட்'னு சேர்த்துக்குங்க. சொன்னபடி முதல் படியையும் காட்டுங்க. வேலை கிடைக்கற வாய்ப்பு அங்கேதான் ஆரம்பிக்குது!