மண்சரிவுக் கல்வியும் மாணவர் சேவையும்: ஊவாத் தோட்டப் பாடசாலைகள் குறித்த நிலைப்பாடு

ஊவாத் தோட்டங்களில் இயற்கை அனர்த்தம் என்றால் முதலில் மண்சரிவுதான். செங்குத்துச் சரிவு, ஆழம்வரை உக்கிய பாறை, ஒக்டோபர் முதல் பெய்யும் அடைமழை மூன்றும் கூடும் இடங்களில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு அங்கே இடம் குறித்தவர்கள் லயத்து மக்கள் அல்லர்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த, மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். அவர்களில் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களிலும் மலை சரிந்தது.

ஆகவே மண்சரிவுப் பாடம் புவியியல் புத்தகத்தோடு நிற்கலாகாது. மாணவரின் சமூக சேவையாகத் தோட்டத்துக்குள் வரவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அதற்குப் பெருஞ்செலவு இல்லை. பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் போதும். 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு. தினமும் அளந்து எழுதும் பிள்ளைக்கு இந்த எண்கள் மனப்பாடமாக வேண்டியதில்லை. பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, புதிதாக ஊற்றெடுப்பது, நிலமும் சுவரும் வெடிப்பது, மரம் சாய்வது, கதவு இறுகுவது ஆகிய அறிகுறிகளை லயம் லயமாகப் பார்த்துக் குறிப்பதும், அறிவித்தல்களைத் தமிழில் வாசித்துக் காட்டுவதும், முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளைப் பட்டியலிடுவதும் மாணவர்க்கு ஏற்ற பணிகள். கான் துப்புரவுச் சிரமதானம் மழையற்ற நாளில், பெரியவர் துணையுடன் மட்டும்.

சரிந்த இடத்துக்கு மாணவரை அனுப்புவதை நாம் ஏற்கமாட்டோம். மண் மீண்டும் இறங்கலாம். சடலம் தேடுவது பிள்ளைகளின் வேலையுமன்று.

பிள்ளைகள் குறித்துக் கொடுத்ததைத் தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் எழுத்தில் பெற்றுப் பதில் தரவேண்டும். மீரியபெத்தவில் எச்சரிக்கை இருந்தது. சனம் குடியேறப் பாதுகாப்பான காணியும் வீடும்தான் இருக்கவில்லை. அவற்றைத் தரும் கடமை அரசுக்கும் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் உரியது. மாணவர் சேவையைக் காட்டி அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.