இடுப்பு வலிக்கு எந்தக் கை நல்ல கை?

தோட்டத்தில் இடுப்பு வலி இல்லாத வீடு ஏது? செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு உண்டு. நாள் முழுக்கக் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் பெண்ணுக்கு உண்டு. மருந்துப் பம்பை முதுகில் சுமப்பவருக்கும் உண்டு. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இந்த வலி இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் உள்ள எல்லாரும் நம்மைப் போல், நாள் சம்பளம் போய்விடுமே என்று வலியை மறைத்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போகிறவர்கள் அல்லர்.

"இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்றதும் நம் ஆட்கள் தேடுவது கை வைத்தியத்தைத்தான். லயத்தில் சுளுக்கு வழிக்கும் பாட்டி இருப்பார். கம்போங்கில் ஊருட் செய்கிறவர் இருப்பார். பட்டணத்தில் சீனச் சின்சே இருப்பார். கைரோபிராக்டிக் என்ற பெயர்ப்பலகையும் இப்போது தொங்குகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இருக்கிறது. இவற்றில் எது நல்லது என்ற கேள்வி சங்கக் கூட்டங்களிலும் வருகிறது. நாம் டாக்டர் அல்ல. ஆயினும் அறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெயர் பலவானாலும் முறைகள் முக்கியமாக மூன்றே. முதலாவது உருவுதல். எண்ணெய் போட்டு நீவும்போது இறுகிய சதை தளர்கிறது, வலி குறைகிறது, தூக்கம் வருகிறது. ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் சில நாளைக்குத்தான்.

இரண்டாவது, முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் மெல்ல மெல்ல அசைத்துக் கொடுப்பது. பிசியோதெரபியில் உள்ள முறை இது. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெயிட்லண்ட் இதைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். வலி அதிகமானால் லேசான அசைவு. இறுக்கம் அதிகமானால் ஆழமான அசைவு.

மூன்றாவது, 'டக்'கென்று ஒரே சொடுக்கு. 1895-இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக் இதற்குப் பேர் போனது. சத்தம் கேட்டதும் "விலகின எலும்பு உட்கார்ந்திருச்சு" என்று நம்பிவிடுகிறோம். அது எலும்பு உட்காரும் சத்தமே அல்ல. மூட்டு நீரில் காற்றுக் குமிழி உண்டாகும் சத்தம். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் இதுதான்.

இம்மூன்றையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில் ஒன்று மற்றொன்றைப் பெரிதாக வென்றதாகக் காணோம். நாள்பட்ட வலிக்கு உருவுதலும் சொடுக்கும் சிலருக்கு உதவலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்கிறது. இடுப்புக்குப் பெல்ட் கட்டுவதையும், இழுத்துக் கட்டி வைப்பதையும் அது ஆதரிக்கவில்லை. புதிதாகப் பிடித்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை படுத்தே கிடப்பது கெடுதல். முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. ஆக, பிறர் கை வலியைத் தணிக்கும். நம் கால் நடந்தால்தான் அது நிலைக்கும்.

சில எச்சரிக்கைகள். குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள். எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்குச் சொடுக்கு வேண்டவே வேண்டாம். கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, கால் மரத்து வலுவிழப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமை அல்லது அடைத்துக்கொள்வது என்றால் யாரிடமும் உருவிக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரே சொடுக்கில் குணமாக வேண்டும் என்று நம் ஆட்கள் ஏன் அலைகிறார்கள்? அறியாமையால் அல்ல. நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லையே என்ற பயத்தால்தான்! அந்தப் பயத்தில் மண்டோரிடமும் சொல்வதில்லை, கிளினிக்குக்கும் போவதில்லை. பிறகு வலி முற்றிப் போய் இழப்பீடு கேட்கும்போது கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. பாட்டி வழித்த சுளுக்குக்கு ரசீது ஏது?

ஆகவே தோழர்களே, குலை தூக்கும்போது இடுப்பு பிடித்தால் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போய், என்ன வேலை செய்யும்போது எப்படிப் பிடித்தது என்று எழுத வையுங்கள். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளாவது எம்.சி. கிடைத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடத்தன்மை உதவியாகக் கிடைக்க வழியுண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது. பக்கத்து நிரையில் வேலை செய்யும் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்த பிறகு பாட்டியிடம் உருவிக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் சுமை ஏற்றிவிட்டு மாலையில் உருவச் சொல்வது வைத்தியமாகாது. ஓடும் நிலையில் தள்ளுவண்டி கொடுங்கள். இருவர் தூக்க வேண்டியதை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். எம்.சி. முடிந்து வருகிறவருக்குச் சில நாள் இலகு வேலை கொடுங்கள். இடுப்பு வலிக்கு முதல் வைத்தியம் தோட்டத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. நிர்வாகங்கள் ஆவன செய்யுமா?